அனுபவ பாத்தியம்

சென்னைப் பட்டணத்தில் சொந்த வீடு உள்ளவர்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே எஜமானர்கள் என்று நம்பிக்கொண்டிருப்பதெல்லாம், தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒழுங்காக ஓடும் வரையில்தான். கடலூர் ஜில்லாவில் சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து, 2004ஆம் ஆண்டு முதல் ராட்சதக் குழாய்களின் வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்து, வழியில் யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல் வாசல் சம்ப் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிற தண்ணீர், அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு உள்ள முப்பது அடி உயரத்தை மட்டும் ஒரு மகானுபாவருடைய அனுக்கிரகம் இல்லாமல் ஏற மாட்டேன் என்கிறது. அந்த மகானுபாவர்தான் பிளம்பர்.

அவர் வருவதாகச் சொன்ன நாளில் நாம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். அன்று வர மாட்டார். வேறொரு நாள், நாம் சாப்பிட உட்கார்ந்து இலையில் ரசம் விழுகிற நேரத்தில், கூட ஒரு பையனுடன் பிரசன்னமாவார். பையன் சுமந்து வரும் பையில் ஒரு பைப் ரெஞ்சும் ஒரு டெஃப்லான் டேப்பும் இருக்கும். ஸ்டூல், டார்ச், ஸ்குரூ டிரைவர், பழைய துணி, தேங்காய் எண்ணெய் முதலிய இதர உபகரணங்களைச் சப்ளை செய்யும் பொறுப்பு கிருகஸ்தனுடையது.

மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால், தமக்கு முன் அங்கே கை வைத்தவரைக் கண்டனம் செய்வது அவருடைய சம்பிரதாயம்.

“யார் சார் இந்த வேலையைப் பார்த்தது?”

“நீங்கதாம்ப்பா, போன வருஷம்.”

“அப்ப நீங்க வாங்கிக் குடுத்த சாமான் அப்படி சார்.”

இனி வியாதிக்கு வருவோம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ஃபுட் வால்வுதான். சம்ப்பின் அடியில், உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் இந்தச் சிறு கதவு, தண்ணீரை மேலே போக விடும், கீழே திரும்ப விடாது. அதன் வாஷர் தேய்ந்தாலோ, ஒரு கல் இடுக்கில் சிக்கினாலோ, குழாயில் நிற்க வேண்டிய நீர் இறங்கிப் போய், மோட்டார் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டு விருதாவாக இரைகிறது. அரைமணி நேர வேலை. வந்த முதல் நிமிஷத்திலேயே அவருக்கு இது தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அவர் யூனியனைக் கழற்றுகிறார், குழாயை உருவுகிறார், மோட்டாரின் மூடியைத் திறக்கிறார், கபாசிட்டரைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டி உதட்டைப் பிதுக்குகிறார். சகலமும் தரையில் பரப்பப்பட்டு, இனி அவரைத் தவிர எந்த மானிடனாலும் அவற்றை ஒன்று சேர்க்க முடியாது என்ற நிலை ஏற்பட்டதும், முக்கியமான ஓர் உறுப்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சைஸ் காட்டி வாங்கணும் சார், பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்.

பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து ஸீட் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். நம் பிளம்பரின் முதல் வருகைக்கும் அதற்கு மேல் உத்தேசம் கிடையாது. அவர் அன்று ரிப்பேருக்காக வரவில்லை, சுவாதீனம் எடுத்துக்கொள்ள வந்தார். நமக்குப் பொறுமை போய் வேறொருவரை அழைத்து வந்தாலும் பிரயோஜனமில்லை. அவர் தரையில் கிடப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒருத்தர் கை வச்ச வேலையில நாங்க கை வைக்கிறதில்ல சார்” என்று போய்விடுவார். வக்கீல்களிடையேகூட இத்தனை தொழில் தர்மத்தை நான் கண்டதில்லை.

அப்புறம் டெலிபோன் பர்வம். விநாயகர் துதி முழுவதும் ஒலித்து ஓய்ந்த பிறகு, “அடையாறு சிக்னல்ல நிக்கறேன் சார்” என்பார். சிக்னலில் யாரோ ஒரு மாமி, “எங்க வீட்டு மோட்டாரை எப்பத்தான்ப்பா மாட்டப் போறே?” என்று கேட்பது நம் காதில் ஸ்பஷ்டமாக விழும். அந்த மாமியின் மீது நமக்கு அனுதாபத்துக்குப் பதிலாக அசூயை உண்டாகிறது; அவராவது ஆளை நேரில் பார்த்துவிட்டாரே! இதற்கிடையில் சம்ப்பில் வாளியை விட்டு மொண்டு மொண்டு மாடிக்குச் சுமப்பதும், மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலிருப்பதும் அவரவர் அனுபவத்துக்கு விடவேண்டிய விஷயங்கள்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தொட்டி வறண்டு கிடக்கையில் “அண்ணே, எவ்வளவானாலும் பரவாயில்லை” என்று கெஞ்சிய அதே நாக்கு, தொட்டி நிரம்பி வழிந்ததும் “ஒரு வாஷர் மாட்டினதுக்கா இவ்வளவு?” என்று கணக்குக் கேட்பதை அவர் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறார். வேலை முடிந்த வீட்டில் தமக்கு மதிப்பில்லை என்று கண்டுகொண்டவர், எந்த வீட்டு வேலையையும் சுலபத்தில் முடிப்பாரா?

இருந்தாலும் ஒருநாள் முடிக்கத்தான் முடிக்கிறார். மோட்டார் ஒரு முறை செருமிவிட்டு ஓட, மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க, நாமும் பேரம் பேசும் தெம்பின்றிக் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம். கைகழுவ உள்ளே போகிறவர் குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்து, “இதுவும் லேசா சொட்டுதே சார்?” என்கிறார். அது சொட்டினால் சொட்டட்டும் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், குழாயின் கைப்பிடி அவர் சட்டைப் பைக்குள் இருக்கிறது.