கொஞ்சம் தள்ளுங்க!

எந்தச் சுற்றுலாக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். வேன் நின்றதும் மற்றவர்கள் கழிவறை தேடி ஓடுவார்கள். இவர் வெளிச்சம் தேடிப் போவார். பெரும்பாலும் ரிட்டயர் ஆன அதிகாரி. கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒன்று. சார்ஜரும் பேட்டரியும் மனைவியின் கைப்பையில். லென்ஸ் விலையை அந்த அம்மாளிடம் பாதியாகத்தான் சொல்லியிருப்பார்.

இந்த ரகத்தை முழு வீச்சில் பார்க்க வேண்டுமானால் இலங்கையில் காலிக் கோட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும். 1588-இல் போர்த்துக்கீசியர் ஆரம்பித்து, டச்சுக்காரர்கள் வளைத்துக் கட்டி முடித்த மதில். மூன்று பக்கமும் கடல். "பதினேழாம் நூற்றாண்டை அப்படியே அள்ளிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். இதில் ஒரே சங்கடம், அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். துணி காயப் போடுகிறார்கள். ஆட்டோவை டச்சுத் தூணுக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டால் தெரு முழுக்க வெள்ளைச் சீருடை.

"கொஞ்சம் தள்ளுங்க" என்பதுதான் இவருடைய தாரக மந்திரம். ஆட்டோக்காரரிடம் சொல்வார், ஐஸ்கிரீம்காரரிடம் சொல்வார், மதில் மேல் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருக்கும் காதலர்களிடமும் சொல்வார். குடைக்குக் கீழே நாலு கால் மட்டும்தான் தெரியும். அந்த நாலும் இம்மி நகராது. கடைசியில் இவரை நகரச் சொன்னவர் ஒருவர் உண்டு: மணமக்களை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் போட்டோகிராபர். தொழில்முறை மரியாதை என்பதால் இவரும் நகர்ந்தார்.

கலங்கரை விளக்கம் 1939-இல் கட்டியது. எண்பத்தைந்து அடிக்கு மேல் உயரம், பளிச்சென்ற வெள்ளை, சுற்றிலும் தென்னை. குழந்தை எடுத்தாலும் நன்றாகவே விழும். ஆனால் இவருக்கு மேகம் வர வேண்டும். வந்தால், விலக வேண்டும். "என்னங்க, விளக்கு எங்கேயும் போயிடாது. மதியச் சாப்பாடுதான் போயிடும்" என்பார் அந்த அம்மாள். எதிரே 1904-ஆம் வருஷத்து மீரான் பள்ளிவாசல், தூரத்துப் பார்வைக்கு மாதா கோயில் மாதிரியே இருக்கும். அதன் படிநிழலில் உட்கார்ந்து, பையிலிருந்த கடலைமிட்டாயை அந்த அம்மாள் நிதானமாக முடித்துவிட்டார். ஊரைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான் என்பது என் கட்சி.

கொடிப்பாறை முனையில் இளைஞர்கள் காசு வாங்கிக்கொண்டு மதிலிலிருந்து கடலுக்குள் பாய்வார்கள். கீழே பாறை, ஓர் அடி பிசகினால் போச்சு. இவர் காசு கொடுத்தார், பையன் பாய்ந்தான், கேமராவில் வானம் மட்டும் விழுந்தது. மறுபடி காசு, மறுபடி வானம். மூன்றாவது தடவை, சொட்டச் சொட்ட நின்றவனிடம் கேட்டார்: "தம்பி, கொஞ்சம் மெதுவா குதிக்க முடியுமா?"

நான் செய்த புண்ணியம், அன்று மாலை இவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். 1911-இல் இந்தக் காலி ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடலோடி செங் ஹோ வைத்தது; 1409-ஆம் ஆண்டைக் குறிப்பிடுவது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சொன்னதுதான் தாமதம், மனிதர் அஸ்தமனத்தைக் கைவிட்டார். கோட்டைக்குள் கண்ணில் பட்ட சாக்கடை மூடியையெல்லாம் குனிந்து குனிந்து படம் எடுக்க ஆரம்பித்தார்.

ஒரு சந்தில், சாரமும் தொப்பியுமாக ஒரு பெரியவர் வெகுநேரம் இவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, "முனிசிபாலிட்டியில இருந்தா வாறீங்க?" என்றார். "எங்கட வீட்டுக் கானும் அடைச்சித்தான் கெடக்கு. அதையும் ஒரு போட்டோ புடிங்களேன்."

இவர் எட்டிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "இப்ப லைட் சரியில்லையே. நாளைக்கு வந்து பார்க்கறேன்."

நாளைக்கு என்றதும் பெரியவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. முனிசிபாலிட்டி ஆள்தான்.