பழைய சோற்றுக்கு வெங்காயம் கடிப்பது யாருக்காக?

இரவில் நீரூற்றி வைத்த சோற்றைக் காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணும் வழக்கத்தில் ஆராயத்தக்கது சோறு ஒன்றே என்று அறிஞர் பலரும் முடிவுகட்டிவிட்டனர். வெங்காயம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அது அங்கே ஏன் இருக்கிறது என்ற வினாவுக்கு இன்றுவரை மூன்று விடைகளே வழங்குகின்றன. நாக்குக்கு ஓர் உறைப்பு வேண்டும் என்பது தொடுகறிக் கொள்கை. உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பது குளிர்ச்சிக் கொள்கை. வீட்டில் வேறொன்றும் இல்லை என்பது சிக்கனக் கொள்கை. மூன்றில் நேர்மையானது இதுதான். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. வெங்காயத்தைக் கடிப்பவரே அதை உண்பவர் என்று ஆராயாமல் ஒப்புக்கொண்டுவிட்டன. கடிப்பவர் வேறு, உண்பவர் வேறு என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்கு வருவோம். நெல் தன் சேமிப்பை மாவாக வைக்கிறது. வெங்காயம் அப்படியல்ல, ஃபிரக்டான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளாக வைக்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி மனித உடம்பில் இல்லை. ஆகவே வெங்காயத்தின் இந்தப் பகுதி வாய், இரைப்பை, சிறுகுடல் என்று எல்லா அலுவலகங்களையும் கையெழுத்து வாங்காமலே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இப்படி நமக்குச் செரிக்காமல் அவற்றுக்கு உணவாகும் பண்டத்துக்கு 1995இல் கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்டு என்ற இருவர் ப்ரீபயாட்டிக் என்று பெயரிட்டனர். சோற்றின் கதையும் ஓரளவு இதுவே. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, நம் நொதிகளுக்கு வசப்படாததாகிறது. அதுவும் கீழே போகிறது. ஒரே தட்டில் இரண்டு பந்தி நடக்கிறது என்க. 70 கிலோ எடையுள்ள ஆணுடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன என்பது 2016இல் வெளிவந்த மதிப்பீடு. எடை போட்டால் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து 200 கிராம் தேறும், அவ்வளவுதான். என்றாலும் தலை எண்ணினால் வீட்டுக்காரர் சிறுபான்மை, குடியிருப்போரே பெரும்பான்மை. வெங்காயம் அவர்கள் பங்கு.

இது தமிழர் நாக்கின் தற்செயல் அல்லவா எனின், அன்று. ஆந்திரத்தில் சத்தன்னத்துக்கும், ஒடிசாவில் பகாளத்துக்கும், வங்கத்தில் பாந்தா பாத்துக்கும் பச்சை வெங்காயம் துணை நிற்கிறது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இத்தனை சமையல்கள் இதில் மட்டும் ஒத்துப்போவது சிந்திக்கத்தக்கது.

பழைய சோற்றில் வளர்ந்த நுண்ணுயிர்கள் இரைப்பை அமிலத்தில் செத்துப்போகுமே, அப்புறம் யாருக்கு விருந்து என்று கேட்பார் உளர். நல்ல கேள்வி. மிகப் பல சாகும். தப்பியவையும் சில நாளில் ஊர் போய்ச் சேரும். ஆனால் வெங்காயம் இந்த வழிப்போக்கருக்கானது என்று யாம் எங்கும் கூறவில்லை. அது நெடுநாளாகப் பெருங்குடலில் குடியிருப்போருக்கானது. இந்த வேறுபாட்டைக் காணத் தவறியவர்களுள் தலையாயவர் எலீ மெச்னிகாஃப். உடம்பின் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர், புளித்த பாலின் நுண்ணுயிர்கள் குடலில் குடியேறி முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பினார். தாமும் புளித்த பால் குடித்தார். 1916இல் 71 வயதில் காலமானார். அவர் சொன்ன பல்கேரிய பாக்டீரியா குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆளை அனுப்புவதிலேயே கருத்தாக இருந்தாரே தவிர, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று அவர் வாதத்தில் எங்கும் இல்லை. இப்படி அனுப்பப்படும் ஆளுக்கு இன்று வழங்கும் ப்ரோபயாட்டிக் என்ற பட்டத்துக்கு 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு வகுத்த இலக்கணப்படி, போதிய அளவில் உட்கொண்டால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும். எந்த இனம், எத்தனை என்ற கணக்கெல்லாம் மண்சட்டியிடம் கிடையாது. எனவே பழைய சோறு பட்டமில்லாமல் தொழில் நடத்துகிறது. வெங்காயத்துக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

அடுத்து, பூண்டில் வெங்காயத்தைவிட ஃபிரக்டான் மிகுதியாயிற்றே, குடியிருப்போர் நலம்தான் நோக்கமென்றால் பூண்டையல்லவா கடிக்க வேண்டும் என்பது கூர்மையான தடை. காலை எட்டு மணிக்கு நாலு பல் பச்சைப் பூண்டு கடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் பார்த்தவர்கள் இத்தடையை எழுப்பமாட்டார்கள். குடியிருப்போரைப் பேணுவது கடமைதான். வீட்டுக்காரர் ஊரில் நடமாடவும் வேண்டும். பெரிய வெங்காயத்தில் ஃபிரக்டான் குறைவு. பூண்டோ ஊருக்கு ஆகாது. இடையில் நின்றது சின்ன வெங்காயம். வெங்காயத்துக்குப் பதில் பச்சை மிளகாயே போதும் என்னும் கட்சியார் கூற்று இதைவிட எளிதில் விழும். மிளகாய் வீட்டுக்காரர் மனம் கோணாமல் தட்டின் முன் உட்கார்வதற்குக் கொடுக்கும் கையூட்டு. மாவடுவும் மோர்மிளகாயும் அவ்வாறே.

எல்லாவற்றினும் வலிய சான்று, அவையில் சொல்லத் தயங்கும் சான்று, வாய்வு. மனித உயிரணு ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது. மருத்துவர்கள் ஊதச் சொல்லி அளப்பது அதைத்தான். ஆகவே வாய்வு என்பது சாப்பாடு உரியவரிடம் சேர்ந்ததற்கான ரசீது. முகம் சுளிப்பது அறியாமை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஃபிரக்டான் போன்ற பண்டத்துக்கு ப்ரீபயாட்டிக் என்று பெயரிட்டவருள் ஒருவர் கிளென் கிப்சன் என்றோம். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் ஃபிரக்டானைக் குறைக்க வேண்டும் என்ற உணவுமுறையை சூசன் ஷெப்பர்டோடு சேர்ந்து முன்வைத்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிப்சன். இவர் வேறு, அவர் வேறு. எந்தக் கிப்சனைப் பின்பற்றுவது என்பதை அவரவர் வயிறு சொல்லும். ரசீது அளவுக்கு மீறி வலியோடு வருபவர் வெங்காயத்தை விடுவதே முறை.

நம் பக்கத்து ஆர்வலர் சிலரையும் மறுக்கவேண்டியுள்ளது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு ஓர் இரவில் 73.91 மில்லிகிராமாகப் பெருகுகிறது என்று ஒரு கணக்கு கைபேசி தோறும் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். அதைப் படைக்கும் திறன் விண்மீனுக்கு உண்டு, பாக்டீரியாவுக்கு இல்லை. இருக்கும் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும்படி நொதித்தல் உதவலாம். அதற்கு மேல் கேட்பது பேராசை. நோய் எதிர்ப்பைப் பற்றியும் அளந்து பேசுவது நலம். ஃபிரக்டானைப் புளிக்கவைக்கும்போது கிடைக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன. உடம்பின் எதிர்ப்பணுக்களில் பல அந்தச் சுவரை ஒட்டி முகாமிட்டிருக்கின்றன. சுவர் நன்றாயிருந்தால் காவலர் தேவையில்லாமல் பதறமாட்டார்கள் என்பது வரை சொல்லலாம். வெங்காயம் கடித்தவருக்குச் சளி பிடிக்காது என்பது விளம்பரம்.

எஞ்சியது கும்பகோணம் டிகிரி காபிக் கட்சி. கடையில் விற்கும் ஃபிரக்டான் பொடி பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுப்பது; எங்கள் காபித்தூளிலோ சிக்கரி தலைமுறை தலைமுறையாக உள்ளது; ஆகவே பழைய சோறும் வெங்காயமும் இல்லாமலே குடியிருப்போர் வயிறு நிரம்புகிறது என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காபிக்குப் போகும் சிக்கரியை வறுக்கிறார்கள். வறுக்கும்போது ஃபிரக்டானில் பெரும்பகுதி உடைந்து அந்தக் கருநிறமும் கசப்புமாக மாறிவிடுகிறது. டம்ளரில் மிஞ்சுவது சொற்பம். சிக்கரியை வறுக்காமல் அரைத்துக் காபியில் கலந்து குடிக்க யாரேனும் முன்வந்தால் இத்தீர்ப்பை மறுபடி ஆராயலாம்.