ப்ரொபோசல் சார்

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. பாப்பாரப்பட்டிக்கு அவர் 'ப்ரொபோசல் சார்'. தருமபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் துறை உதவிப் பேராசிரியர். பகலில் பாடம் நடத்துவார். இரவில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதுவார். இந்த வகை மனிதர் இன்று கல்லூரிக்கு ஒருவராவது உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பு, "வெளியிலிருந்து எவ்வளவு நிதி வாங்கினீர்கள்?" என்று கேட்கும். அதற்காகவே நிர்வாகம் இவர்களை வளர்க்கிறது, தீனி மட்டும் போடுவதில்லை.

சாருடைய ஆராய்ச்சி, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. டீக்கடையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்குவார். "பூதக்கண்ணாடியால வெயிலை ஒரே புள்ளியில குவிச்சா காகிதம் கருகுதில்ல? அதே மாதிரி ஒலியைக் குவிக்கணும். தோல்ல கீறல் விழாது, உள்ளே இருக்கிற கட்டி மட்டும் வேகும். அமெரிக்காவுல 2004லயே கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு அனுமதி குடுத்துட்டான். 2016ல கை நடுக்கத்துக்கு. 2023ல கல்லீரல் கட்டிக்கு. கல்லீரலுக்குச் சூடுகூட வேண்டாம், ஒலி கிளப்புற நுண்குமிழிங்களே கட்டியை நொறுக்கிடும்."

கையிலிருந்த டீயில் பாதியைத் தரைக்கு வார்த்துவிட்ட பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏஞ்சாமி, இந்த நடுக்கத்துக்குமா?"

"உங்களுக்கேதான் தாத்தா."

"எப்போ?"

"நிதி வரட்டும்."

அன்றைக்கே அந்தப் பெரியவரை விண்ணப்பத்தில் 'இலக்குப் பயனாளி' ஆக்கிவிட்டார். ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் நோய்க்குத் தனியாகச் சான்று தேவைப்படாது.

இயந்திரத்தின் பெயர்தான் அவருக்கு எமன். தொட்டில் குழந்தைத் திட்டம் வேண்டியிருந்த மாவட்டம் இது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்த பிறகும், அல்ட்ராசவுண்ட் என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம். ஒருநாள் இருட்டினபின் ஒரு அம்மாள் கதவைத் தட்டினாள். "மருமக மாசமா இருக்கா. என்னான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்." சாருக்கு வேர்த்துவிட்டது. "எங்க மெஷின் எதையும் பாக்காதும்மா. அது சுடும்!" என்று அலறினார். வந்த அம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அதற்குப் பிறகு வாசல் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'இங்கு படம் பார்க்கப்படாது.' அது சினிமாவைச் சொல்கிறது என்று தெருப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பம் எழுதுவதில் அவருடைய திறமையே, சரக்கை மாற்றாமல் லேபிளை மாற்றுவது. மூலப் பிரதி, மூட்டுவலிக்கு ஒலி சிகிச்சை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர், எலும்பும் மூட்டும் பிடித்துப்போனவர்கள் நிறைய. உண்மையிலேயே தேவையான ஆராய்ச்சிதான். செயற்கை நுண்ணறிவுக்கு நிதி என்று அறிவிப்பு வந்தால், தலைப்பின் முன்னால் அதைச் சேர்ப்பார். மகளிர் நலத்துக்கு என்றால் மூட்டுகள் எல்லாம் பெண்களுடைய மூட்டுகள் ஆகும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது, மூட்டை எடுத்துவிட்டுக் கேழ்வரகு விதையை வைத்தார். ஒலி அலை பட்டால் விதை சீக்கிரம் முளைக்கும் என்பதற்கு வெளிநாட்டுக் கட்டுரைகளும் இருந்தன. அவசரத்தில் ஒரு வரியை மாற்ற விட்டுப்போய், 'சிகிச்சைக்குப் பின் கேழ்வரகு படியேறி இறங்கும் நேரம் அளவிடப்படும்' என்று போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுத்து வரும் பதில்கள் இரண்டே வகை. 'புதுமை போதாது' என்பது ஒன்று. 'முதற்கட்டத் தரவு இல்லை' என்பது மற்றொன்று. தரவு வேண்டுமென்றால் இயந்திரம் வேண்டும், இயந்திரம் வேண்டுமென்றால் நிதி வேண்டும், நிதி வேண்டுமென்றால் தரவு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

சார் விடவில்லை. பிசியோதெரபி செய்யும் நண்பரிடம் ஒரு பழைய கருவியை இரவல் வாங்கினார். ஒரு மெகாஹெர்ட்ஸில் வைத்தால் சில சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். மூன்றில் வைத்தால் தோலுக்கடியிலேயே நின்றுவிடும். சோதித்துப் பார்க்க மனிதச் சதை கிடைக்காதே, அதற்குக் கடல்பாசியைக் காய்ச்சிப் பாலூற்றி உறைய வைத்த கட்டி போதும். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இரவெல்லாம் கிண்டி, நான்கு கிண்ணத்தில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் கிண்ணங்கள் காலி. "அப்பா, இனிப்புதான் பத்தல" என்றான் பையன். அந்தச் சுற்றுக்கும் 'முதற்கட்டத் தரவு இல்லை' என்றே பதில் வந்தது.

வீட்டு நிர்வாகமும் பட்ஜெட் தலைப்புகளில்தான் நடக்கிறது. அரிசி பருப்பு 'கன்ஸ்யூமபிள்ஸ்', மிக்ஸி 'எக்விப்மென்ட்', மச்சான் வந்து தங்கினால் 'ஓவர்ஹெட்'. ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். அனுமதி தருபவர் மனைவி. தங்கைக்கு வரன் வந்தபோது ஜாதகத்தைப் பார்க்காமல், "பையன் டி.ஆர்.எல். நாலுதான். ஆய்வுக்கூடத்துல ஓடுவான், வெளியில தாங்குவானான்னு தெரியல" என்றார். தொழில்நுட்ப முதிர்ச்சிக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடும் அந்த அளவுகோலைச் சம்பந்தி வீட்டார் அறிந்திருக்கவில்லை. அதனால் கல்யாணம் நடந்தது.

நிதி அவருக்குக் கிடைத்ததே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. மாணவர் திட்டம் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் வந்தது. செலவழிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது; கணக்குக் காட்டத்தான் காலம் பிடித்தது. பொது நிதி விதிகள் 2017, படிவம் 12-ஏ, பட்டயக் கணக்கர் முத்திரை, செலவாகாத மிச்சம், அந்த மிச்சம் வங்கியில் ஈன்ற வட்டி. வட்டியாகச் சேர்ந்த பதினோரு ரூபாயை அரசுக்குத் திருப்பிச் செலுத்தத் தருமபுரிக்கு அவர் போய்வந்த பஸ் செலவு அதைவிட அதிகம். அதை எந்தத் தலைப்பிலும் எழுத முடியவில்லை.

"இன்னும் எத்தனை வருஷங்க?" என்று மனைவி கேட்கும்போது, ஊரிலுள்ள பாரத மாதா நினைவாலயத்தைக் காட்டுவார். சுப்பிரமணிய சிவா இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925இல் சிவா இந்த ஊரிலேயே காலமானார். கட்டடம் எழும்ப ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. "அவ்வளவு பெரிய மனுஷருக்கே அப்படி. நான் போட்டுப் பத்து வருஷம்கூட ஆகல."

கடவுள் நம்பிக்கை அளவாக உள்ளவர்தான். ஆனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாக, ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கு வந்த திட்டம் அது. "தண்ணிக்கில்லீங்க. இதுக்கு ப்ரொபோசல் எழுதினானே, அந்தக் கைக்கு!"

போன மாதம் அவருடைய பழைய மாணவி ஒருத்தி, இப்போது வேறொரு கல்லூரியில் வேலை பார்ப்பவள், வீடு தேடி வந்தாள். அவளுக்கு நிதி கிடைத்துவிட்டது. தலைப்பு: 'கிராமப்புறக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி ஏன் கிடைப்பதில்லை?' முதல் பேட்டி சாரிடம்தான். நீளமான கேள்வித்தாளைப் பொறுமையாக நிரப்பினார். 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று கடைசியில் விட்டிருந்த இரண்டு வரி இடத்தில் 'இணைப்பு காண்க' என்று எழுதி, மூட்டுவலி ப்ரொபோசலை மூன்று ஆண்டு பட்ஜெட்டோடு பின் அடித்துக் கொடுத்தனுப்பினார்.