போதும் என்றவர்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இவரைப் பார்க்கலாம். வயது அறுபதுக்கு மேல். வீடியோ கேம் என்பது பிள்ளைகளைக் கெடுக்க வந்த சனியன் என்று முப்பது வருஷமாகத் திட்டியவர். 2006 நவம்பரில் நின்டெண்டோ ‘வீ’ கடைக்கு வந்தது. மறு வருஷக் கிறிஸ்துமஸுக்கு மருமகன் அதை வாங்கி வந்து டிவியில் இணைத்தான். இவர் சோபாவிலிருந்து எழுந்தார். அன்றைக்கு எழுந்தவர்தான்.

‘கேஷுவல் பிளேயர்’ என்று கம்பெனிக்காரர்கள் இவருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவரிடம் சொன்னால் கோபம் வரும். “கேமா? நானா? நான் பௌலிங் ஆடறேன்!”

ஆட்டத்துக்கு முன் சட்டைக் கையை மடிப்பார். டீப்பாயை ஓரமாகத் தள்ளச் சொல்வார். ரிமோட்டின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொன்னால், அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு என்பார். (முதலில் வந்த மெல்லிய கயிறு அறுந்து, ரிமோட் பறந்துபோய் டிவியைப் பதம் பார்த்த வீடுகள் உண்டு, தடித்த கயிறு அதற்குப் பின் வந்ததுதான். இவருக்கு இரண்டும் ஒன்றே.) கையைப் பின்னால் கொண்டுபோவார், முன்னால் வீசுவார், அடியில் இருக்கும் ஒரே பொத்தானை விடுவார். திரையில் பந்து உருண்டு பத்துக் கட்டையும் சாய்ந்தால், நேற்று வரை முழங்கால் வலி என்று முனகியவர் ஒரு சுற்று சுற்றி ஆடுவார். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, நிஜ பௌலிங்குக்குக் கை எப்படிப் போகுமோ அப்படிப் போனால் போதும். முதியோர் இல்லங்களில் இதற்கென்று போட்டியே நடத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீ 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கணக்குப் பிள்ளை யாராவது இவர் வீட்டு அலமாரியை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பெட்டியோடு இலவசமாக வந்த ‘வீ ஸ்போர்ட்ஸ்’ இருக்கிறது. சோபாவுக்கு அடியில், உடம்பைக் குறைக்க மனைவி வாங்கிய ‘வீ ஃபிட்’ பலகை தூசி படிந்து கிடக்கிறது. வேறொன்றுமில்லை. சாப்பாட்டில் மட்டும்தான் மனுஷன் போதும் என்பான் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். விளையாட்டிலும் சொல்வான் என்று காட்டியவர் இவர்.

2012 நவம்பரில் ‘வீ யூ’ வந்தது. கடையில் நடந்த உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

“புதுசு வந்திருக்கு சார், வீ யூ.”

“வீதான் எங்கிட்ட இருக்கேப்பா.”

“இது வேற மெஷின் சார்.”

“அப்படியா? விளம்பரத்தில இந்தத் திரை வெச்ச கைப்பெட்டியைத்தான் காட்டினான். இதை மட்டும் தனியா குடு, பழசுல மாட்டிக்கிறேன்.”

“தனியா வராது சார். மொத்தமா 350 டாலர்.”

“பௌலிங் இருக்கா?”

பையன் மௌனமானான். முதல் நாள் பெட்டியில் பௌலிங் இல்லை. ‘நின்டெண்டோ லேண்ட்’ இருந்தது. பன்னிரண்டு விளையாட்டு, பன்னிரண்டுக்கும் தனித்தனிச் சட்டம். ஒன்றில், கைப்பெட்டி வைத்திருப்பவர் பேய். டிவியைப் பார்ப்பவர்கள் கண்ணுக்குப் பேய் தெரியாது. மற்றவர்கள் டார்ச் அடித்துத் தேட வேண்டும். உண்மையில் ரகளையான விளையாட்டு. ஆனால் பெரியவரை உட்காரவைத்து இதை விளக்கி முடிப்பதற்குள் வான்கோழி ஆறிவிடும். அந்தக் கைப்பெட்டியும் லேசுப்பட்டதல்ல: நடுவில் 6.2 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் குச்சி, சுற்றிலும் ஒரு டஜனுக்கு மேல் பொத்தான். டிவியைப் பார்ப்பதா, மடியைப் பார்ப்பதா என்று கழுத்து ஊஞ்சலாடும். இதெல்லாம் பெட்டியைப் பிரித்ததும் வரும் அப்டேட் இறங்கி முடிந்த பிறகு. அது இறங்குவதற்குள் இவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

குற்றம் இவர் மேல் இல்லை என்பது என் கட்சி. இவரைச் சோபாவிலிருந்து எழுப்பியது ஒரே பொத்தான். அதே ஆளிடம் விமானி அறையைக் கொடுத்தால் மறுபடி உட்கார்ந்துவிடத்தான் செய்வார். உட்கார்ந்தவர் கையில் அதற்குள் போன் வந்துவிட்டது. போனில் கேண்டி க்ரஷ். மிட்டாயை ஒரு விரலால் தள்ளினால் ஆட்டம். ஐந்து உயிரும் தீர்ந்தால் அரை மணி காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தியிடம் ஃபேஸ்புக்கில் உயிர்ப் பிச்சை கேட்க வேண்டும். 350 டாலரா என்று கடையில் கொதித்தவர், மிட்டாய்க்காகச் சில்லறை சில்லறையாகச் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்ததில்லை.

வீ யூ மொத்தமே 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான் போனது. 2014 தொடக்கத்தில் நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். இந்தச் செய்தி வந்த நேரத்தில் நம்மவர் எந்த லெவலில் மாட்டிக்கொண்டிருந்தாரோ!

பிறகு வந்த ஸ்விட்ச் ஓஹோவென்று ஓடியது, வேறு காரணங்களுக்காக. 2025 ஜூனில் ‘ஸ்விட்ச் 2’, அமெரிக்க விலை 450 டாலர். நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. வாங்கியவர்கள் பரம ரசிகர்கள். இவர் அந்த வரிசையில் இல்லை. மெஷினில் என்னென்ன உண்டு என்று சுற்றிக் காட்டும் ‘வெல்கம் டூர்’ கூடப் பெட்டியோடு வரவில்லை, தனியாக 10 டாலர். பேரன் இதைச் சொன்னபோது இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “கடையைச் சுத்திப் பார்க்கறதுக்கே டிக்கெட்டாடா?”