அடுப்பு பார்க்கும் படலம்

(அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம். ஜனவரி மாதம். கேரேஜில் கார் தவிர எல்லாம் இருக்கிறது. மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காபிக்கு மேல் எதையும் தொட்டதில்லை.)

மாமனார்: ஏனுங் மாப்பிள்ளை, குண்டான், அடுப்புன்னு அடுக்கி வெச்சிருக்கீங்க. கேட்டரிங் காண்ட்ராக்ட் ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?

மருமகன்: பீர் காய்ச்சப் போறேன் மாமா. இங்க தப்பில்லை. 1978-லயே ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டுட்டார். வீட்ல பெரியவங்க ரெண்டு பேர் இருந்தா வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் வரியே கிடையாது.

மாமனார்: அப்படீன்னா 750 லிட்டர். இதுவரைக்கும் எவ்வளவு காய்ச்சியாச்சு?

மருமகன்: அடுப்பு முடிவாகட்டும்னு இருக்கேன்.

மாமனார்: இந்த முக்காலி என்னதுங்க?

மருமகன்: புரொப்பேன் பர்னர். தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு முழு வான்கோழியை எண்ணெயில பொரிக்கிறதுக்காக விக்கிறது. 55,000 பிடியூ மாமா!

மாமனார்: கிலோவாட்ல 16. அதுல பாதிக்கு மேல பானைக்குப் பக்கவாட்டுல ஏறி ஆகாசத்துக்குப் போயிரும். எங்க வெச்சுப் பத்த வைப்பீங்க?

மருமகன்: இங்கேயேதான். கதவைச் சாத்திட்டா குளிராது.

மாமனார்: கார்பன் மோனாக்சைடும் வெளிய போகாது. மேல நிறைமாசமா என் மக தூங்கறா. சிலிண்டரை முதல்ல வெளிய தூக்குங்க.

மருமகன்: வெளிய மைனஸ் இருபது! கேஸ் போகப் போக சிலிண்டர் மேல பனி படிஞ்சு, பிரஷர் இறங்கி, தீ சோர்ந்துடும். அதுக்குத்தான் இண்டக்‌ஷனும் வாங்கினேன். 1,800 வாட்.

மாமனார்: பானை?

மருமகன்: பர்னரோட இனாமா வந்ததுதான்.

(மாமனார் ஃபிரிட்ஜிலிருந்து பேத்தி ஒட்டிவைத்த காந்தத்தை எடுத்துவந்து பானையில் வைக்கிறார். அது நழுவி விழுகிறது.)

மாமனார்: அலுமினியம். இண்டக்‌ஷன் இதைச் சட்டை பண்ணாது. சரி, எத்தனை லிட்டர் காய்ச்சணும்?

மருமகன்: 25 லிட்டர் மால்ட் சாறு. ஒரு மணி நேரம் கொதிச்சா மூணு லிட்டர் குறையும்.

மாமனார்: மூணு லிட்டர் ஆவியாகறதுக்கே கிட்டத்தட்ட ரெண்டு கிலோவாட் வேணும். பானை வெளிய விடற சூடு தனி. உங்க 1,800-ல முனகல்தான் வரும், கொதி வராது. மூடி போட்டுக்குங்க.

மருமகன்: கூடவே கூடாது மாமா! மால்ட்ல இருந்து டைமெத்தில் சல்பைடு வரும். அது ஆவியோட போகலைன்னா பீர்ல வேகவெச்ச சோள வாடை அடிக்கும். தளதளன்னு கொதிச்சாத்தான் ஹாப்ஸோட கசப்பு இறங்கும், புரதம் திரிஞ்சு அடியில தங்கும்.

மாமனார்: பேச்சுல கொதி நல்லாவே வருது. அந்த மூலையில இருக்கறது ஹீட்டர் ராடுங்களா?

மருமகன்: ஆமா. 5,500 வாட். இங்க சாதாரண பிளக்ல 120 வோல்ட்தான். துணி காயவைக்கிற மெஷினுக்கு மட்டும் 240, 30 ஆம்பியர்.

(மாமனாருக்கு முகம் மலர்கிறது. விமானம் ஏறியதிலிருந்து அவர் கேட்ட முதல் நல்ல செய்தி.)

மாமனார்: 5,500-ஐ 240-ஆல வகுத்தா 23 ஆம்பியர். தாங்கும்! ராடு சாறுக்குள்ளயே மூழ்கிக் கிடக்குது, சூடு வீணாப் போக வழியில்லை. எர்த் லீக்கேஜ் ட்ரிப்பர் போடாம மட்டும் தொட்டுராதீங்க. ஈரக் கையும் கரண்ட்டும் சேரக் கூடாது.

மருமகன்: அடிப்பிடிக்கும்னு சொல்றாங்களே?

மாமனார்: குட்டை ராடுன்னா பிடிக்கும். நீளமா மடிச்ச ராடா வாங்குங்க. அதே வாட் பெரிய பரப்புல பரவும், சாறு கருகாது. முதல் கொதியில நுரை பொங்கி வரும், அப்ப மட்டும் வாட்டைக் குறைச்சுக்குங்க.

மருமகன்: அருமை மாமா. இனி கண்ட்ரோலர் மட்டும்தான் பாக்கி. எக்ஸெல்ல பதினாலு மாடல் போட்டிருக்கேன். விலை, வாரண்டி, டிஸ்ப்ளே கலர்...

மாமனார்: மால்ட் எங்கீங்க?

மருமகன்: எது?

மாமனார்: சாறு எடுக்கற மால்ட். ஹாப்ஸ். ஈஸ்ட்.

மருமகன்: அது... அடுப்பு முடிவானதும் வாங்கலாம்னு...

மாமனார்: நாளைக்குக் காலைல கடைக்குப் போங்க. நாலு லிட்டருக்கு மட்டும் சாமான் வாங்குங்க. அதைக் காய்ச்ச சமையலறை அடுப்பும் எவர்சில்வர் பானையுமே போதும்.