முனீஸ்வரர் பெயரில் வரவு

மலாக்கா கிளேபாங்கில் எங்கள் படிப்பகத்தில் ஓர் ஐஸ் பெட்டி உண்டு. உள்ளே மைலோ, சோயா, தண்ணீர் பாட்டில். மேலே பிஸ்கட் டின்னில் முறுக்கு. விற்க ஆள் கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு பக்கத்து டப்பாவில் காசைப் போட வேண்டும், அவ்வளவுதான். போன ஆண்டு மூன்று மாதம் தொடர்ந்து கணக்கு உதைத்தது. கூட்டத்தில் பொருளாளர் அக்கா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு 20 காசு உருண்டோடி நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன்?"

நம்மவர்களிடம் இதை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஆஸ்ட்ரோவில் படம் வரவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், சோறு குழைந்துவிட்டது என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

கல்லா மென்பொருள் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு மைலோவில் எங்களுக்கு நிற்பது 20 காசு. சந்தா கட்ட வேண்டுமானால் கிளேபாங்கே திரண்டு வந்து மைலோ குடிக்க வேண்டும். ஊரோ தேங்காய் ஷேக் கடையில் வரிசை பிடித்து நிற்கிறது. சரி, நாமே செய்து நாமே நடத்துவோம் என்று சொல்லிவிட்டேன். பிரான்சிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைக் கொண்டுவந்து கரையில் ஏற்றி அருங்காட்சியகம் ஆக்கிய ஊர் இது. ஐஸ் பெட்டி மேல் ஒரு கல்லாவை ஏற்ற முடியாதா?

திரை சும்மாவே கிடைத்தது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தபோது கடைக்காரர்கள் பலர் அடித்துப் பிடித்துத் தொடுதிரைக் கல்லா வாங்கினார்கள். 2018 ஜூன் 1ஆம் தேதி அந்த வரி பூஜ்யமானது. அப்படி இளம் வயதிலேயே ஓய்வுபெற்ற ஒரு திரை, நண்பர் கடை ஸ்டோரில் அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூளைக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். செயலாளர் அண்ணன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பைன்னு சொன்னே, இதுல ஒண்ணும் போட முடியாது போலிருக்கே?"

ஏற்பாடு எளிது. உங்கள் பெயரைத் தொட்டு மைலோவைத் தொட்டால் 1 வெள்ளி 80 காசு உங்கள் பற்றில் ஏறும். கையில் காசு புரளும்போது டப்பாவில் போட்டுவிட்டுத் தொகையைத் தட்டினால் கழியும். கடவுச்சொல் இல்லை, காமிரா இல்லை. நம்பிக்கைதான் பூட்டு. நான் சொந்தமாகச் சேர்த்த அழகு ஒன்றே ஒன்று: பாக்கி வைத்தவர் பெயர் சிவப்பில் தெரியும், பக்கத்தில் கழித்தல் குறியோடு.

முதல் ஞாயிறு, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் திரைமுன் நின்றார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கழித்தல் 3.60.

"நாப்பது வருஷம் தோட்டத்துக்கே சம்பளம் போட்டவன்டா நான். என் பேரைச் சிவப்புல எழுதிச் சபையில மாட்டியிருக்கே!"

50 வெள்ளி நோட்டு ஒன்றை நாலாக மடித்து டப்பாவில் திணித்தார். தொகையைத் தட்டவில்லை. அதனால் சிவப்பும் போகவில்லை. தட்டச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

அன்று ராத்திரிதான் அப்பாவின் 555 நினைவுக்கு வந்தது. உள்ளங்கை அளவு நோட்டு, அட்டையில் 555 என்று கொட்டை எழுத்து. மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். தோட்டத்துக் கடையில் அரிசியோ மண்ணெண்ணெயோ வாங்கினால் கடைக்காரர் தன் நோட்டிலும் எழுதுவார், அப்பா நோட்டிலும் எழுதுவார். ஒன்று மழையில் நனைந்தால் மற்றது இருக்கும். இதையே எனக்குக் கல்லூரியில் 'பேக்கப்' என்று ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். சம்பள நாளில் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும், பற்று தீர்ந்தது. ஆனால் அடுத்த வீட்டுப் பற்று எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் வலது கையால் எழுதும்போது இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொள்வார். நான் நிரல் எழுதியபோது அந்த இடது கையை விட்டுவிட்டேன்.

மறுநாளே சிவப்பை எடுத்தேன். வானம் இருட்டியது அதற்குப் பிறகுதான்.

மலாக்காவில் சாயங்கால இடி கேட்கவே வேண்டாம். இடித்தால் மின்சாரம் ட்ரிப் ஆகும். நான் வாங்கிய பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது; இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். ரவுட்டர் முதல் இடியிலேயே சிவலோகம் போய்விட்டது. கேட்க ஆளில்லாமல், கடைசியாகக் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து பை தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. மாதக் கடைசி அறிக்கைப்படி, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் புதன்கிழமை விடியற்காலை 3 மணிக்கு வந்து 14 மைலோ குடித்திருந்தார்கள். அக்கா அறிக்கையை மடித்து வைத்தார். "இது பெத்தவங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

காசு மட்டும் இன்னமும் குறைந்தது. எப்போதோ படித்த ஆய்வு ஒன்றைக் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் ஆளில்லாமல் காப்பி டப்பா வைத்திருந்தார்களாம். விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூப்படம், மறுவாரம் உற்றுப் பார்க்கும் இரண்டு கண்கள் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் இருந்த வாரங்களில் காசு கிட்டத்தட்ட 3 மடங்கு விழுந்ததாக 2006இல் எழுதினார்கள்.

"வெறும் கண்ணு எதுக்கு?" என்றார் செயலாளர் அண்ணன். "முழு ஆளையே வச்சிடுவோம்."

பழைய காலண்டரிலிருந்து முனீஸ்வரர் வந்தார். முறுக்கு மீசை, கையில் அரிவாள், பார்வை நேராக டப்பாவின் மேல்.

அந்த மாதம் நடந்த விற்பனை 112 வெள்ளி. டப்பாவில் இருந்தது 175 வெள்ளி 40 காசு. கூடவே ஓர் எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு.

நியூகாசில்காரர்களுக்கு இப்படி ஆகியிருக்காது. சாமி படம், அதன்முன் வாயில் துளை போட்ட டப்பா. இதற்கு நம் ஊரில் பெயர் உண்டியல். ஐஸ் பெட்டியை ஒருநாளும் திறந்து பார்த்திராத பாட்டிமார்கூட நின்று கும்பிட்டுக் காசு போட்டிருக்கிறார்கள். ஓர் ஆயா, பேரனுக்கு எஸ்.பி.எம். தேர்வு என்று 10 வெள்ளி போட்டாராம்.

கூடுதல் 63 வெள்ளி 40 காசு யாருடையது? இரண்டு மணி நேரம் பேசினோம். சாமி காசில் சோயா வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் கிராணி மாமா. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் போட்டவர் யாரும் திரையில் பெயரைத் தொடவில்லை. கடைசியில் அக்காதான் வழி சொன்னார். உறுப்பினர் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏற்றினேன்: முனீஸ்வரர்.

இன்றைய தேதிக்கு அந்தப் பெயரில் 63 வெள்ளி 40 காசு வரவு. பற்று ஏதுமில்லை, அவர் இதுவரை ஒரு மைலோகூட எடுக்கவில்லை. சுருட்டை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள். அதற்கு நான் திரையில் பொத்தான் வைக்கவில்லை.