ஏலம் போன பையன்

2023 டிசம்பர் 19, துபாய். ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சமான சமீர் ரிஸ்வியைச் சென்னை அணி 8.40 கோடிக்கு எடுத்தது. அவருடைய ஊரான மீரட் எந்தத் திசை என்றே தெரியாத துபாய் கராமா மெஸ் மேசைகளில், பரோட்டா ஆறுவதற்குள் அவர் ‘வலக்கை ரெய்னா’ ஆகிவிட்டார். ஐபிஎல்லில் சந்தித்த முதல் பந்திலேயே ரஷீத் கானை சிக்ஸருக்கு விளாசியதும், தோனிக்குப் பின் யார் என்ற கவலையும் தீர்ந்தது. சீசன் முடிவில் மொத்தம் 51 ரன். 2024 நவம்பர் ஜெத்தா ஏலத்தில் டெல்லி அவரை 95 லட்சத்துக்கு வாங்கியது. “நான் அன்னிக்கே சொன்னேன்ல அண்ணே” என்றவர்களில் ஒருவரும் அன்று வாயே திறக்கவில்லை.

2025 டிசம்பர் 16, அபுதாபி. சர்வதேச ஆட்டமே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் சென்னை அணி கொடுத்தது தலா 14.20 கோடி. இருபது வயது வீர்தான் இனி ஜடேஜா! ஊருக்குப் பணம் அனுப்ப திர்ஹாம் ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கும் அண்ணன், “இவ்வளவு கொடுத்திருக்க வேணாம்” என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார். ஏதோ அவர் சம்பளத்தில் பிடித்த மாதிரி.

தம்பிகளா, முதல் பத்து ஆட்டம் முடியும்வரையாவது அந்தப் பையன்களை அவரவர் பெயரிலேயே கூப்பிடுங்கள்.